கண்ணை மூடிக்கொண்டு ஏசி போட வருகிறதா? – வண்டி கேள்வி பதில்

கும்பகோணத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறேன். இந்தப் பகுதிக்கு வழக்கமாக பேட்டரி இறங்குகிறது, ஹாரன் கத்தவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்றுதான் கடிதம் வரும். இந்தத் தடவை பிரித்த கடிதமெல்லாம் டேஷ்போர்டு நடுவில் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தக் கண்ணாடிப் பலகையை, அதாவது டச் ஸ்கிரீனைப் பற்றியே பேசுகின்றன. சரி, இந்த இதழ் அதற்கே.

கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவன், வயது 63. பன்னிரண்டு வருஷம் ஓட்டிய சின்ன காரைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கப்போகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன், "டாப் மாடலே எடுங்கப்பா, எல்லாமே டச்சுதான்" என்கிறான். எனக்கு நடு மாடலில் ஏசிக்கு இருக்கும், கையால் திருப்புகிற திருகுகள்தான் பிடித்திருக்கின்றன. "நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க" என்கிறான். நான் பழைய காலமா ஐயா?
– வாசகர், மன்னார்குடி

பழைய காலமெல்லாம் இல்லை சார். என் கதையைக் கேளுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு கஸ்டமருடைய புது வண்டிக்கு ஃபாக் லேம்ப் மாட்டினேன். நல்ல மழை. ராத்திரி எட்டரை மணிக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வலங்கைமான் வழியாக நீடாமங்கலம் போனேன். வலங்கைமான் தாண்டியதும் முன்கண்ணாடி உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்க ஆரம்பித்தது. என் பழைய வண்டியாக இருந்தால் இடது கை தானாகப் போய் மூன்றாவது திருகை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிடும். காற்று கண்ணாடிக்கு ஏறும். நான் கையைப் பார்க்கவே மாட்டேன். இந்த வண்டியில் திருகே இல்லை. திரையில் மேப் ஓடுகிறது, அதன் மேல் யாரோ கூப்பிடுவதாக ஒரு பட்டை. கீழே ஏசி படம் இருக்கிறது. அதைத் தொடப் போனேன், ரோட்டில் ஒரு பள்ளம், விரல் பக்கத்தில் விழுந்தது. பாட்டுச் சத்தம் கூடியது. அதைக் குறைக்கப் போனேன், மேப் பெரிதானது. நிமிர்ந்து பார்த்தால் இடது பக்கம் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல், சுற்றிலும் வரிசையாகக் கருங்கல்.

ஒடித்தேன். குவியலில் ஏறவில்லை. ஆனால் இடது முன்சக்கரம் ஒரு கல்லில் உரசி டயர் பக்கவாட்டில் கிழிந்தது. கொல்லைப்பக்கமிருந்து டார்ச்சோடு ஓடி வந்தவர் தார்ப்பாயைத் தூக்கி நெல்லைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் முறை வராமல், ஈரப்பதம் ஏறிவிடுமோ என்று காவல் கிடப்பவர். டயருக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

நம்ம ரோடு இப்படித்தான் சார். நெல் காயும், வாத்துக் கூட்டம் கடக்கும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிப்பர் போகும், மாசியில் வைக்கோல் லாரி ரோட்டின் முழு அகலத்துக்கும் வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், மூன்று பஸ்ஸை வால் தலையாக நிறுத்திய தூரத்தைக் குருட்டாம்போக்கில் கடந்துவிட்டீர்கள். அந்த இரண்டு விநாடியைத்தான் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பார்வைக்கு உச்ச வரம்பாக வைத்தது. ஒரு வேலைக்கு எல்லாப் பார்வையும் சேர்த்து 12 விநாடி. அதுவும் அவர்கள் ஊர் ரோட்டுக்கு.

உங்கள் வயதில் இன்னொன்றும் உண்டு, மகனுக்கு இது இன்னும் தெரியாது: வெள்ளெழுத்து. ரோடு தெளிவாகத் தெரிவதற்குப் போடும் கண்ணாடியில் திரையின் பொடி எழுத்து மங்கும். தூரத்திலிருந்து கிட்டத்துக்கு, கிட்டத்திலிருந்து தூரத்துக்கு என்று கண் மாறி நிலைக்க நமக்கு நேரம் கூடுதலாக ஆகிறது. திருகுக்கு வெள்ளெழுத்து தெரியாது.

ஆகவே ஷோரூமில் ஒன்று செய்யுங்கள். நிற்கிற வண்டியில் சீட்டைச் சரிசெய்து உட்கார்ந்து, சேல்ஸ் பையனிடம் எல்லாவற்றையும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஏசி காற்றைக் கூட்டுங்கள், குறையுங்கள். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரைப் போடுங்கள். வைப்பர், ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் டிப்பர், பாட்டுச் சத்தம். பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். மகனை வீடியோ காலில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், இன்னும் நல்லது. கை தேடித் தடவாமல் போய்ச் சேருகிற வண்டி உங்கள் வண்டி.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி மாதிரி விஷயங்கள் டாப் மாடலில் மட்டும்தான் என்று அந்தக் கம்பெனி வைத்திருந்தால், திருகுக்காக அதை விட்டுவிடாதீர்கள். அப்போது வேறு கம்பெனி பாருங்கள்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். டச் ஸ்கிரீனில் இவ்வளவு குறை என்றால் கம்பெனிகள் ஏன் அதையே வைக்கின்றன? அங்கே இருக்கும் இன்ஜினியர்களுக்குத் தெரியாதா அண்ணா?
– மாணவர், கும்பகோணம்

தெரியும் தம்பி. கணக்கும் தெரியும்.

ஒரு பட்டனைக் கழற்றிப் பார்த்திருக்கிறாயா? மேல் மூடி, அதில் அச்சடித்த படம், உள்ளே சின்ன பல்பு அல்லது எல்இடி, தொடுமுனை, ஸ்பிரிங், பின்னால் ஒயரை மாட்டும் கப்ளர், அதிலிருந்து ஒயர். இதற்கு ஒரு அச்சு வார்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான தடவை அமுக்கிச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். டேஷ்போர்டில் இருபது பட்டன் இருந்தால் இருபது தடவை இந்த வேலை. திரை ஒன்று வைத்துவிட்டால் எல்லாம் மென்பொருளில் வரைந்த படம்தான். வண்டி விற்ற பிறகும் மாற்றலாம். ரிவர்ஸ் கேமராவுக்கு எப்படியும் திரை வேண்டும். அமெரிக்காவில் 2018 மே முதல் புது வண்டிகளுக்கு அது கட்டாயம். இருக்கிற திரையிலேயே ஏசியையும் ஏற்றினால் மிச்சம்தானே?

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1986-இலேயே அமெரிக்காவின் ப்யூக் ரிவியேரா காரில் பழைய டிவி மாதிரி பிக்சர் ட்யூப் வைத்த தொடுதிரை வந்துவிட்டது. எடுபடவில்லை. 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்ததும்தான் எல்லோருக்கும் ஆசை பிடித்தது.

2022-இல் ஸ்வீடனின் விபிலகாரே என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. பதினொரு புது கார், கூடவே 2005 மாடல் பழைய வோல்வோ வி70 ஒன்று. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ரேடியோ மாற்றுவது, சீட் ஹீட்டர் போடுவது போன்ற வேலைகளைச் செய்ய வேண்டும். ஓட்டுகிறவர்களுக்குப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பட்டனும் திருகுமாக இருந்த பழைய வோல்வோவில் 10 விநாடி, 306 மீட்டர். கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் கிட்டத்தட்ட 45 விநாடி, 1372 மீட்டர். தாராசுரம் கோயிலிலிருந்து கிளம்பினால் பஸ் ஸ்டாப்பெல்லாம் தாண்டி எங்கேயோ போய்விடுவாய்.

சிங்கப்பூர் பக்கம் கடலில் 2017 ஆகஸ்டில் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். திரையைத் தொட்டுச் சுக்கானையும் இன்ஜின் வேகத்தையும் ஒரு மேஜையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வந்த குழப்பம் அது. பயிற்சி போதாததும் காரணம் என்று விசாரணை சொன்னது. அதற்கப்புறம் வேகத்துக்கு மறுபடியும் கையால் தள்ளும் நெம்புகோலே வைக்கிறோம் என்று 2019-இல் கடற்படை முடிவெடுத்தது.

கார்க்காரர்களும் திரும்பி வருகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் சத்தத்துக்கும் சூட்டுக்கும் தடவுகிற பட்டையை வைத்தது. இருட்டில் அதற்கு விளக்குகூட இல்லை. ஏச்சு வாங்கி, இனி முக்கியமான வேலைகளுக்கு உண்மையான பட்டன்தான் என்று 2025-இல் அதன் வடிவமைப்புத் தலைவரே சொன்னார். ஐரோப்பாவில் கார்களுக்கு ஸ்டார் போடும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹஸார்ட் (நான்கு பக்க இண்டிகேட்டர்), ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் கையால் இயக்கும் தனி ஸ்விட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வைத்திருக்கிறது. சட்டம் இல்லை, மதிப்பெண்தான். ஆனால் ஸ்டார் குறைந்தால் வண்டி விற்காது என்பதால் கம்பெனிக்காரனுக்கு அது போதும்.

பரீட்சைக்கு இல்லாத ஒன்று சொல்கிறேன். பட்டன் என்றாலே நல்லது என்று எழுதிவிடாதே. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானத்தில் சக்கரத்தை மடக்கும் ஸ்விட்சும் இறக்கை மடலை மடக்கும் ஸ்விட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. தரையிறங்கிய பிறகு மடலை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கி வயிற்றில் உட்கார்ந்தார்கள். ஆல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரமும் மற்றதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டும் ஒட்டச் செய்தார். விரல் தடவினாலே எது எதுவென்று தெரிந்துவிடும். இன்றைக்கும் விமானத்தில் சக்கர நெம்புகோலின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கும். ஒரே மாதிரி பன்னிரண்டு பட்டனை வரிசையாக அடுக்கிய டேஷ்போர்டு சில வண்டிகளில் பார்க்கிறேன். அதற்குத் திரையே தேவலாம்.

வேளாங்கண்ணி போய்த் திரும்பும்போது மழை. ஜன்னலை இறக்கி டோல்கேட்டில் காசு கொடுத்தேன். அதிலிருந்து பாட்டு தானாக மாறுகிறது, மேப் தானாக நகர்கிறது. வண்டியில் ஏதாவது ஏறிவிட்டதா?
– வாசகர், பட்டுக்கோட்டை

சாரல் ஏறியிருக்கிறது. திரையின் மேல்பரப்பில் லேசான மின்னூட்டம் இருக்கும். விரல் பட்டால் அதில் கொஞ்சத்தை விரல் இழுக்கும், அந்த இடத்தைத் தொட்டதாகத் திரை எடுத்துக்கொள்ளும். தண்ணீர்த் துளியும் அதே வேலையைச் செய்யும். மைக்ரோ ஃபைபர் துணியால் துடையுங்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம்.

தினமும் மயிலாடுதுறையிலிருந்து குத்தாலம் பள்ளிக்கு நானே ஓட்டிப் போகிறேன். போன வருடம் வாங்கிய காரில் ஏசி முழுக்க ஸ்கிரீனில்தான் இருக்கிறது. இப்போதுதான் தவறு புரிகிறது. விற்க முடியாது, தவணை இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணா?
– ஆசிரியை, மயிலாடுதுறை

விற்க வேண்டாம் அம்மா, பழக்கத்தை மாற்றினால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். ஏசியை ஆட்டோவில் போட்டு 25-இல் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். முதல் ஐந்து நிமிஷம் காற்று இரைச்சலாக அடிக்கும், அப்புறம் தானே அடங்கும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எல்லோரும் கையை நீட்டுகிறார்கள்.

ஸ்டியரிங்கில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் இருக்கிறதா பாருங்கள். சில வண்டிகளில் அதற்கு நமக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கலாம். பேசுகிற பட்டன் இருந்தால் அதையும் பழகுங்கள். தமிழ் அதற்குப் பிடிபடாவிட்டால் வகுப்பில் சொல்கிற மாதிரி இங்கிலீஷில் இரண்டே வார்த்தை.

முன்கண்ணாடிப் பனியை நீக்க மட்டும் திரைக்கு வெளியே தனி பட்டன் வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள், நிறைய வண்டிகளில் உண்டு. விசிறி மாதிரி வளைந்த படம் முன்கண்ணாடி. செவ்வகப் படம் பின்கண்ணாடி. செவ்வகத்தை அமுக்கிவிட்டு முன்னால் தெளியவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலர்.

மங்கினால் முதலில் விரலால் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது: ஏசி ஓடட்டும், காற்று கண்ணாடிக்கு ஏறட்டும், உள்காற்றே சுற்றுகிற பட்டனை எடுத்துவிட்டு வெளிக்காற்றை விடுங்கள். கோடு விழாவிட்டால் ஈரம் வெளியே. ஏசி ரொம்பக் குளிர்ந்து, நம்ம ஊர்ப் புழுக்கம் வெளிக்கண்ணாடியில் வியர்க்கிறது. வைப்பரை ஒரு தடவை ஓட்டி, குளிரைக் குறையுங்கள். இது தெரிந்தாலே திரையோடு மல்லுக்கட்டுவது பாதி குறையும். முடியாவிட்டால் ஓரம் கட்டுங்கள். ஜெர்மனியில் 2019-இல் கொட்டும் மழையில் ஒருவர் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய் ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதினார். கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் அதை ஓட்டும்போது செல்போனை நோண்டிய குற்றம் மாதிரியே எடுத்துக்கொண்டு, கீழ்க்கோர்ட் போட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாதம் ஓட்டத் தடையையும் சரி என்றது.

கடைசியாக ஒன்று. எனக்குத் தெரிந்த வீட்டில் அம்மா ஒருவர் செய்த ஏற்பாடு. ஏசி படம் திரையில் எந்தப் பக்கம் போனாலும் கீழ்வரிசையில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டி அது. அந்தப் படத்துக்கு நேர் கீழே, திரையில் அல்ல, பிளாஸ்டிக் சட்டத்தில், கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தார். கட்டைவிரல் பொட்டைத் தடவி நிற்கும், ஆள்காட்டி விரல் மேலே தொடும். நான் சிரித்தேன். அப்புறம் ஓட்டிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். சாபானிஸ் ஒட்டிய ரப்பர் சக்கரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அண்ணே, டாக்ஸி ஓட்டுறேன். 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் போடலாம்னு இருக்கேன். ஓடும்போதும் படம் தெரியுற மாதிரி மாட்டித் தருவீங்களா? பக்கத்துக் கடையில செய்றாங்க.
– ஓட்டுநர், திருவாரூர்

மாட்ட மாட்டேன் தம்பி. அந்த செட்டில் மெல்லிய ஒயர் ஒன்று வரும், பெரும்பாலும் இளம்பச்சை. அதை ஹேண்ட் பிரேக் ஸ்விட்சில் கொடுக்க வேண்டும். பிரேக் இழுத்து நின்றால்தான் படம் ஓடும். பக்கத்துக் கடையில் செய்வது வேறொன்றும் இல்லை, அந்த ஒயரை பாடியில் எர்த் கொடுத்துவிடுகிறார்கள். எப்போதும் பிரேக் இழுத்தே இருக்கிறது என்று செட் நம்பிவிடும். இரண்டு நிமிஷ வேலை, காசும் கேட்கலாம். நான் கேட்பதில்லை.

செட் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிவர்ஸ் கேமரா நல்லது. வாங்கும்போது சத்தத்துக்கு உருட்டுத் திருகு இருக்கிற செட்டாகப் பார். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதே; உன் வண்டிக்குப் பொருந்தும் கப்ளர் கிட் கிடைக்கிறது. ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடு.

என்னிடம் அப்பா வாங்கிய அம்பாசிடர் இன்னும் ஓடுகிறது. ஸ்கிரீனும் இல்லை, தலைவலியும் இல்லை. பழசுதான் பொன் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர், திருவையாறு

ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் தொழில் பழக வந்தபோது முதலாளி எனக்குக் கொடுத்த முதல் வேலையே அம்பாசிடரின் கால் டிப்பர் மாற்றுவதுதான். கிளட்சுக்கு இடது பக்கம் தரையில் இருக்குமே, அந்தக் குமிழ். பார்க்காமலே காலால் மிதிக்கலாம், யோசனை அருமை. ஆனால் குறுவை நடவு சமயம் வயலிலிருந்து நேரே வந்து ஏறும் மிராசுதார்களின் செருப்புச் சேறு முழுக்க அதில்தான் இறங்கும். துரு ஏறி, அமுங்கினால் எழாது, எழுந்தால் அமுங்காது. எதிரே பஸ் வரும், ஹை பீம் இறங்காது, பஸ்காரன் திட்டிக்கொண்டே போவான். வாரத்துக்கு இரண்டு மூன்று வண்டி வரும். நான் தலைகீழாகப் படுத்து, காய்ந்த சேற்றை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டிக் கழற்றுவேன். சட்டைப் பாக்கெட் முழுக்க வண்டல்.

உங்கள் வண்டியில் அது இன்னும் வேலை செய்கிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள், பிரிக்காத புதுசு ஒன்று கடை டிராயரில் கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவதாக இருந்தால் மாட்டித் தருகிறேன்.